மேற்கு ஜன்னல்களுக்கு ஃபிலிம் ஒட்டுவதா, நிறக் கண்ணாடிக்கு மாறுவதா?

படிப்பகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய நூலகத்தின் பராமரிப்புப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முதல் மாடியிலுள்ள வாசிப்பு அறையின் மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி. ஆக மொத்தம் பன்னிரண்டு சதுர மீட்டர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டடம் எழும்பியபோது பொருத்திய 6 மி.மீ. பிளெயின் கண்ணாடிதான் இன்றும் இருக்கிறது. அலுமினியச் சட்டங்கள் நல்ல நிலையில் உள்ளன.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்தப் பக்கத்து மேசைகளில் யாரும் உட்காருவதில்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தாலும், ஜன்னலோரம் அமர்ந்தவரின் தோளிலும் கையிலும் வெயில் சுடுகிறது. தாளின் மேல் விழும் பளபளப்பில் எழுத்து தெரிவதில்லை. எதிர்ச் சுவர் அலமாரியில் உள்ள நூல்களின் முதுகுப்புறம் வெளிறிப்போய், சிவப்பு அட்டைகள் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது.

எங்கள் நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. கண்ணாடியையே கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டால் ஒரே செலவில் நிரந்தரமாக முடிந்துவிடும் என்கிறார்கள் சிலர். இருக்கிற கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டினால் ஒரே நாளில் வேலை முடியும், வாசகர்களுக்கும் தொந்தரவில்லை என்கிறார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், எவ்வளவு கருப்போ அவ்வளவு குளிர்ச்சி என்பதுதான். பகலில் விளக்குப் போட்டுப் படிக்கும் நிலைக்கு அறையைத் தள்ளிவிடக் கூடாது என்ற கவலையால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி வெடித்துவிடும் என்றும் ஒருவர் சொல்கிறார். இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நிழற்கணக்கு எழுதியது:

வணக்கம் ஐயா. கட்டடங்களுக்கான வெப்பக் கணக்கு போடுவது என் தொழில். உங்கள் குழுவினர் ஒத்துப்போகும் அந்த ஒரே விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் இருக்கிறது.

நிலத்தை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்புக் கதிர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மிச்சமுள்ள சில சதவீதம் புற ஊதாக் கதிர்கள். கண்ணாடி எவ்வளவு கருப்பாகத் தெரிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே சொல்லும். அகச்சிவப்பில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, வெளியிலிருந்து விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வந்து சேர்கிறது என்பதைக் காட்டும் எஸ்.எச்.ஜி.சி.; இது குறையக் குறைய நல்லது. மற்றொன்று, ஒளியில் எத்தனை பங்கு ஊடுருவுகிறது என்பதைக் காட்டும் வி.எல்.டி.; வாசிப்பு அறைக்கு இது மிகவும் குறைந்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் ஜன்னல்களுக்கு வருவோம். 6 மி.மீ. பிளெயின் கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.82, வி.எல்.டி. சுமார் 88 சதவீதம். அதே தடிமனுள்ள சாம்பல் நிறக் கண்ணாடிக்கு முறையே சுமார் 0.58, 44 சதவீதம். ஒளி பாதியாகிவிட்டது, ஆனால் வெப்பம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பச்சை நிறக் கண்ணாடி ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைத் தடுத்துக்கொண்டே 75 சதவீதம் ஒளியை விடுகிறது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சுவதே காரணம். மெல்லிய வெள்ளி அடுக்குகள் கொண்ட, ஒளியை விட்டு அகச்சிவப்பைத் திருப்பும் வகை ஃபிலிமை உங்கள் பிளெயின் கண்ணாடியில் ஒட்டினால், எஸ்.எச்.ஜி.சி. 0.48 அளவுக்கு இறங்கும். ஒளியோ 65 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட நிறமே தெரியாத இந்த ஃபிலிம், மேலே சொன்ன சாம்பல் கண்ணாடியைவிடக் குறைந்த வெப்பத்தையே உள்ளே விடுகிறது. இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஆனால் வரிசை மாறாது.

கிலோவாட்டில் சொன்னால் குழுவுக்கு எளிதாக விளங்கும். மாலை வெயில் சதுர மீட்டருக்கு 700 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால், பன்னிரண்டு சதுர மீட்டரில் 8,400 வாட். பிளெயின் கண்ணாடி வழியே அதில் ஏறத்தாழ 6.9 கிலோவாட் உள்ளே வருகிறது. சாம்பல் கண்ணாடியானால் 4.9, மேற்சொன்ன ஃபிலிமானால் 4.0. ஒரு டன் ஏ.சி.யின் குளிர்விக்கும் திறன் 3.5 கிலோவாட் என்பதை நினைவில் வைத்தால், ஃபிலிம் உங்கள் ஏ.சி.யின் தோளிலிருந்து எவ்வளவு சுமையை இறக்குகிறது என்பது தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறக் கண்ணாடி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை, விழுங்குகிறது. 6 மி.மீ. சாம்பல் கண்ணாடி தன்மேல் விழும் ஆற்றலில் ஏறத்தாழ பாதியைத் தானே வைத்துக்கொண்டு சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி வெளிக்காற்றோடு போகும். மீதி உள்ளே கதிர்வீசும். காற்றே இல்லாத மாலையில் உள்ளே வரும் பங்கு இன்னும் கூடும். ஜன்னலோர மேசையில் இருப்பவருக்கு வெயில் படாவிட்டாலும் அடுப்பருகில் அமர்ந்தது போன்ற உணர்வு வருவது இதனால்தான். அறையின் வெப்பநிலைமானி 25 டிகிரி காட்டும். அவருடைய உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது.

ஃபிலிம் விற்க வருபவர்கள் ஒரு சிவப்பு வெப்ப விளக்கை ஏற்றி, கண்ணாடித் துண்டின் மறுபக்கம் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த விளக்கின் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பு. வெயிலின் கலவை அப்படியல்ல. மேலும், வெப்பத்தை உறிஞ்சும் மலிவான ஃபிலிம்கூட முதல் ஒரு நிமிடத்துக்கு நன்றாகத் தடுப்பதுபோலவே தோன்றும். துண்டு சூடேறி மறுபுறம் கதிர்வீசத் தொடங்குவதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள். 'அகச்சிவப்பு 95 சதவீதம் தடை' என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 900 முதல் 1,000 நானோமீட்டர் போன்ற குறுகிய பட்டையில் மட்டும் அளந்த எண்ணாக இருக்கும். மொத்த சூரிய ஆற்றலுக்கான எண்ணைக் கேளுங்கள். அதைக் கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு வெயில் தாழ்ந்த கோணத்தில் வருவதால் மேலே நீட்டிய சன்ஷேட் அதற்குப் போதாது. வெளிப்புறத்தில் செங்குத்துத் தடுப்புப் பலகைகளோ சுருட்டித் திறக்கும் வெளித் திரையோ அமைக்க முடிந்தால், வெயிலைக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தலாம். அதற்கு ஈடான ஃபிலிமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.


கண்ணாடிவேலை எழுதியது:

மேலே எழுதிய ஐயா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடி பொருத்தி வருகிறேன். வெடிப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை மிகைப்படுத்துபவர்களும் உண்டு, மறைப்பவர்களும் உண்டு.

வெயில் பட்டதும் கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரிகிறது. சட்டத்துக்குள் ரப்பர் பீடிங்கின் பின்னால் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருப்பதால் விரிய மறுக்கிறது. இந்த இழுபறியில் ஓரம்தான் பிளக்கும். பதமிடாத சாதாரணக் கண்ணாடி, ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வேறுபாடு வரை தாங்கும். ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் அந்தத் தாங்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்துப் பதமிட்ட கண்ணாடி, 200 டிகிரி வேறுபாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளும்.

வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடியின் சூடு கூடும் என்பது உண்மை. ஆகவே வெடிக்கும் என்று சொன்னவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதே குழுவினர் விரும்பும் கருஞ்சாம்பல் கண்ணாடிக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நிறக் கண்ணாடிக்கு மாறுவதானால் மேற்குப் பக்கத்துக்கு டஃபன்ட் செய்தே வாங்க வேண்டும். டஃபன்ட் ஆன பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே அளவு ஒவ்வொரு சட்டத்திலும் தனித்தனியாக எடுக்கப்பட வேண்டும். ஆறு சட்டமும் ஒரே அளவு என்று நம்பி ஒன்றை மட்டும் அளந்து ஆர்டர் கொடுத்து, இரண்டு கண்ணாடி பொருந்தாமல் வீணானதை நான் கண்டிருக்கிறேன். டஃபன்ட் கண்ணாடியில் நிக்கல் சல்ஃபைடு துகள் சிக்கியிருந்தால் சில ஆண்டுகள் கழித்துத் தானாகவே நொறுங்கும் வாய்ப்பும் உண்டு; ஹீட் சோக் சோதனை, அதாவது பொருத்தும் முன்பே சூட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை, செய்து தரச் சொன்னால் அந்த வாய்ப்பு பெரிதும் குறையும்.

ஃபிலிம் ஒட்டும் முன் நான் பார்ப்பவை இவை: கண்ணாடி டஃபன்ட்டா இல்லையா, ஓரத்தில் சில்லு இருக்கிறதா, கம்பி வலை பதித்த கண்ணாடியா, ஏற்கெனவே நிறம் உள்ளதா, இரட்டைக் கண்ணாடியா, மரமோ சன்ஷேடோ கண்ணாடியின் பாதியில் மட்டும் நிழல் போடுகிறதா, உள்ளே கனமான திரை கண்ணாடியை ஒட்டித் தொங்குகிறதா. இவற்றில் எது இருந்தாலும் ஃபிலிமின் தேர்வு மாறும். நல்ல தயாரிப்பாளர்கள் எந்தக் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம் பொருந்தும் என்று அட்டவணையே தருவார்கள். அதைப் பார்க்காமல் ஒட்டினால் கண்ணாடிக்கு உள்ள உத்தரவாதமும் போய்விடும். இரட்டைக் கண்ணாடியானால் பெரும்பாலும் வெளிப்பக்கம் ஒட்டும் வகையைத்தான் சொல்வேன். அது வெப்பத்தை வெளியிலேயே நிறுத்தும், ஆனால் மழையிலும் தூசியிலும் கிடப்பதால் உள்ளே ஒட்டுவதைவிடக் குறைந்த காலமே உழைக்கும்.

எப்போதாவது கண்ணாடி பிளந்தால், பிளவு தொடங்கிய இடத்தைப் பாருங்கள். ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கிச் சற்று நேராகப் போய்ப் பிறகு வளைந்திருந்தால் அது வெப்பப் பிளவு. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலச் சிதறியிருந்தால் ஏதோ பட்டிருக்கிறது. யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்தில் இந்த ஒரு குறிப்பு பயன்படும்.


பள்ளிமுற்றம் எழுதியது:

ஐயா, எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. பள்ளி நிர்வாகத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். ஒன்பது வகுப்பறைகளில் ஃபிலிம் ஒட்டினோம். விலை குறைவு என்பதால் சாயமேற்றிய வகையைத் தேர்ந்தெடுத்தோம். அதைச் சாயமேற்றிய வகை என்றுகூட அன்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் அது ஊதா நிறத்துக்கு மாறியது. நான்காம் ஆண்டில் கொப்புளங்கள் எழுந்தன. ஊதா வெளிச்சத்தில் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைகள் கண் வலிப்பதாகச் சொன்னபோது எனக்கு மிகுந்த குற்ற உணர்வாக இருந்தது.

அதை உரித்தெடுத்த வேலை ஒட்டிய வேலையைவிடப் பெரிது. ஃபிலிம் துண்டு துண்டாகக் கிழிந்தது. பசை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. நீராவி காட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளேடால் சுரண்டித்தான் எடுத்தார்கள். அதில் எங்கள் பங்கும் இருந்தது: அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அலுவலக அறைக்குக் கண்ணாடி போல் மின்னும் ஃபிலிம் ஒட்டியிருந்தோம். பகலில் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. மாலையில் உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. வெளியில் நிற்பவருக்கு எல்லாம் தெரிந்தது, உள்ளே இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரிந்தது. மறைவுக்காக ஒட்டுபவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பறவைகள் வந்து மோதியதும் அந்த ஜன்னலில்தான். பிறகு கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டிய பின்பே அது குறைந்தது.

ஆகவே என் எண்ணம், கட்டடத்தில் எப்படியும் ஜன்னல் வேலை வரப்போகிறது என்றால் கண்ணாடியையே மாற்றுவது நல்லது. நிறம் கண்ணாடியின் உடலிலேயே கலந்திருப்பதால் உரிவதும் இல்லை, வெளுப்பதும் இல்லை.


நிழற்கணக்கு எழுதியது:

அம்மா சொல்வது முழுக்க நியாயமானது. ஒரு சிறு திருத்தம் மட்டும் சேர்க்கிறேன். கண்ணாடியை மாற்றத்தான் போகிறோம் என்றால், வெறும் நிறக் கண்ணாடியில் நிற்காமல், உட்புறம் வெப்பத் தடுப்புப் பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடிக்குப் போவதே பொருத்தம். நிறம் மட்டும் ஏற்றிய ஒற்றைக் கண்ணாடி, வெயில் இல்லாத நேரத்தில் வெளிக்காற்றின் சூடோ குளிரோ ஊடுருவுவதைக் குறைப்பதே இல்லை. அந்த விஷயத்தில் அது பிளெயின் கண்ணாடிக்குச் சமம். சாதாரண வெயில் ஃபிலிமும் அப்படித்தான். ஆனால் இரட்டைக் கண்ணாடியின் தடிமன் 20 மி.மீ.க்கு மேல் போவதால் படிப்பகத்தின் இப்போதைய சட்டங்களில் அது உட்காராது. சட்டமும் மாற வேண்டும். நல்ல நிலையிலுள்ள சட்டங்களைக் கழற்றி எறிவதற்கு இந்த ஒரு காரணம் போதாது என்பது என் கருத்து.

நூல்கள் வெளிறுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நல்ல ஃபிலிம்கள் புற ஊதாக் கதிர்களில் 99 சதவீதத்தைத் தடுக்கும். நிறக் கண்ணாடி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் வெளிறச் செய்வது புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சூடும் சேர்ந்தேதான். அருங்காட்சியகங்களில் எளிதில் பழுதாகும் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாசிக்கும் மேசைக்கோ 500 லக்ஸ் வேண்டும். ஒரே அறையில் இரண்டையும் ஃபிலிமால் மட்டும் நிறைவேற்ற இயலாது. ஃபிலிம் வெளிறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அரிய நூல்களை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துவதுதான் சரி.


படிப்பகம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நேற்று மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். கண்ணாடியின் மூலையில் எந்த முத்திரையும் இல்லை. ஆகவே டஃபன்ட் அல்ல என்று எண்ணுகிறேன். வடக்கு ஓரத்து இரண்டு ஜன்னல்களில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் பாதியளவு விழுகிறது. மூன்றாவது ஜன்னலில் பீடிங்கைச் சற்று விலக்கிப் பார்த்தபோது கீழ் மூலையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஃபிலிம் ஒட்டலாமா?


கண்ணாடிவேலை எழுதியது:

நீங்கள் பீடிங்கை விலக்கிப் பார்த்தது மிகவும் நல்ல காரியம். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. முத்திரை இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வருகிற ஃபிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒட்டலாம், ஆனால் ஆறுக்கும் ஒரே மாதிரி வேண்டாம். சில்லு பெயர்ந்த மூன்றாவது கண்ணாடியை முதலில் மாற்றிவிடுங்கள். அதே 6 மி.மீ. பிளெயினில் டஃபன்ட்டாகப் போடுங்கள். பாதி நிழல் விழும் வடக்கு ஜன்னல்கள் இரண்டுக்கும் உறிஞ்சும் தன்மை மிகக் குறைந்த ஃபிலிமையோ வெளிப்பக்கம் ஒட்டும் வகையையோ கேளுங்கள். அதற்கு அட்டவணை இடம் கொடுக்காவிட்டால் அவற்றையும் டஃபன்ட்டாக மாற்றிய பிறகு ஒட்டுவதே பாதுகாப்பு. மீதி மூன்றில் நிழற்கணக்கு ஐயா சொன்ன வகையை ஒட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முழு வெயில் படும் ஒரு ஜன்னலில் மட்டும் ஒட்டி, இரண்டு வாரம் பிற்பகல்களில் அந்த மேசையில் வாசகர்களை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டிய முதல் சில வாரங்களில் சிறு நீர்க்குமிழிகளும் மங்கலும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஈரம் வெளியேறியதும் அவை மறையும். ஒரு மாதம் கழியும்வரை துடைக்காதீர்கள். அதன் பிறகும் மென்மையான துணி, மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும். ஓரத்தில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டுத்தான் வெட்டுவார்கள். அதைக் குறை என்று எண்ணி நிரப்பச் சொல்லாதீர்கள். சட்டத்தில் இடித்தபடி ஒட்டினால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.


படிப்பகம் எழுதியது:

அப்படியே செய்கிறோம். மூன்றாவது ஜன்னலுக்கு அளவெடுக்க இன்று ஃபிட்டரை வரச் சொல்லியிருக்கிறேன். சோதனைக்கு நான்காவது ஜன்னலை எடுத்துக்கொள்வதாகவும், எஸ்.எச்.ஜி.சி. எழுதித் தராதவரின் விலைப்பட்டியலை ஏற்பதில்லை என்றும் குழு முடிவு செய்துவிட்டது. அரிய நூல்களின் அலமாரியைக் கிழக்குப் பக்க உள்ளறைக்கு மாற்றும் வேலை நாளைக் காலை தொடங்குகிறது.